சாகாத பிள்ளைக்கு ஊற்றிய தண்ணீர்

நம் வயதுக்காரர்கள் நான்கு பேர் ஓரிடத்தில் சேர்ந்தால் பேச்சு முழங்காலில் தொடங்கி, இரத்த அழுத்தத்துக்குப் போய், பிள்ளைகள் எந்த நாட்டில் என்பதில் சற்று நின்று, கடைசியில் பழைய கதையில் வந்து சேரும். போன மாதம் வெள்ளவத்தையில் ஒரு கலியாண வீட்டிலும் அப்படித்தான். பக்கத்துக் கதிரையில் இருந்தவர், கொட்டாஞ்சேனையில் எங்கள் தெருவில் வளர்ந்தவர், என் காதருகே குனிந்து கேட்டார். "உமக்குச் சின்ன வயசில நெருப்புக்காய்ச்சல் வந்ததெல்லோ? அதோட நீர் வேதத்தில சேர்ந்திட்டீர் எண்டு அப்ப ஒரு கதை அடிபட்டது. உண்மையோ?"

வேதம் என்று அவர் சொன்னது கிறிஸ்தவத்தை. என் வாயில் லட்டு இருந்தது. இப்போது வாய் சும்மா இருக்கிறது, சொல்கிறேன். உங்களில் பலருக்கும் அந்தத் தெரு தெரியும். தெரியாதவர்கள் பாதகமில்லை, கூடவே வாருங்கள்.

சுதந்திரம் கிடைத்துப் பத்துப் பதினைந்து வருஷம் இருக்கும். அப்பாவுக்குத் துறைமுக அலுவலகத்தில் கிளார்க் வேலை. யாழ்ப்பாணத்திலிருந்து தலைநகருக்கு வந்த எங்கள் சொந்தக்காரர் எல்லாரும் வெள்ளவத்தையில் குடியிருக்க, அப்பா மட்டும் வேலைக்கு நடந்து போகலாம் என்று கொட்டாஞ்சேனையில் ஒரு மாடி வீட்டின் மேல்தட்டை வாடகைக்கு எடுத்திருந்தார். கப்பல் சங்கு ஊதினால் எங்கள் யன்னல் கண்ணாடி அதிரும். காலையில் பேக்கரிப் போறணையில் பாண் வேகும் வாசம், பத்து மணிக்கு மீன் வாசம், பின்னேரம் மெழுகுதிரி வாசம். இதில் கடைசி வாசம் கீழ்வீட்டிலிருந்து வரும்.

கீழ்வீட்டில்தான் வீட்டுக்காரி இருந்தார். உறவு இல்லாவிட்டாலும் எனக்கு அவர் அன்ரி, அம்மாவுக்கு அக்கா. கணவர் துறைமுகத்தில் வேலை பார்த்து இறந்துபோனவர். ஒரே மகள், என்னிலும் ஒரு வயது மூத்தவள். முன்னோர் தூத்துக்குடிக் கரையிலிருந்து வந்ததால் அன்ரியின் பேச்சு எங்கள் பேச்சு அல்ல. அம்மா "வாங்கோ" என்பார், அன்ரி "வாங்க" என்பார். அதைத் தவிர இருவருக்கும் இடையில் வேறுபாடு எதையும் நான் கண்டதில்லை. ஒரே அம்மியில் அரைத்தார்கள், ஒரே பைப்பில் தண்ணீர் பிடித்தார்கள், ஒருவர் வீட்டுக் கறியில் உப்புக் கூடினால் மற்றவர் வீட்டுச் சோறு அதைச் சமாளித்தது.

அன்ரிக்கு ஒரு வேலை இருந்தது. யாரும் சம்பளம் கொடுக்காத வேலை. ஞாயிறு பூசை முடிந்ததும் தெருப் பிள்ளைகளைத் தன் முன் விறாந்தையில் பாயில் இருத்தி ஞானோபதேசம் படிப்பிப்பார். அந்தச் சத்தம் மரத்தளத்தினூடாக எங்கள் குசினி அடுப்படிக்கு ஏறிவரும். பரலோக மந்திரத்தை நான் தேவாரத்துக்கு முன்பே மனப்பாடம் செய்துவிட்டேன். அம்மா அதைக் கேட்டுச் சிரிப்பார், அப்பாவுக்குச் சிரிப்பு வராது.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. ஆண்டவர் பரலோகம் போகும்போது, போய் எல்லாரையும் எனக்குச் சீடராக்குங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார் அல்லவா? அது தனக்கே நேரில் சொல்லப்பட்டது என்று அன்ரி நம்பினார். வாசலுக்கு வந்த எவரும் தப்பவில்லை. மீன்காரரைத் திண்டாட வைத்ததை நான் மேலிருந்து பலமுறை பார்த்திருக்கிறேன். தராசில் சூரை மீன் கிடக்கும், அன்ரி தன் அரைகுறைச் சிங்களத்தில் யேசு சாமி எப்படிப் படகில் ஏறினார் என்று சொல்லிக்கொண்டிருப்பார். மீன்காரர் மரியாதையாக முழுவதையும் கேட்பார்.

"ஹொந்தய் நோனா," என்பார் கடைசியில். "மாலு கன்னவாத?"

நல்லது அம்மா, மீன் வாங்குகிறீர்களா என்பதுதான் அவர் மறுமொழி. அன்ரி வாங்குவார். மீன்காரருக்கு வியாபாரம் நடந்தது, ஆண்டவருக்குத்தான் ஒன்றும் நடக்கவில்லை.

அப்பாவுக்கும் ஒரு முறை சின்னப் புத்தகம் ஒன்று கொடுத்தார். அப்பா அதை ஆடிக்கொண்டிருந்த மேசையின் ஒரு காலுக்குக் கீழே வைத்துவிட்டார். அன்ரி அதைக் கண்டார். அம்மாவுக்கு வெட்கத்தில் முகம் சிவந்துவிட்டது. அன்ரியோ குனிந்து பார்த்து, "பரவாயில்ல தங்கச்சி, மேசையாவது நேரா நிக்குதே," என்றார். இப்படிப்பட்ட மனுஷியோடு கோபித்துக்கொள்வது எப்படி? பல வருஷ முயற்சியில் அவர் சேர்த்த சீடர் ஒருவரும் இல்லை. அது அவருக்கு உள்ளே எவ்வளவு வலித்தது என்று அந்த நாளில் யாரும் கேட்கவில்லை, நாங்கள் சிரித்தோம்.

அப்போது நான் எட்டு வயதுச் சிறுமி. மழைக்காலம் தொடங்கியபோது எனக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் வெறும் தடிமன், சளி என்றார்கள், பிறகு நெருப்புக்காய்ச்சல், அதாவது டைபாயிட் என்றார்கள். பொரளைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அங்கே நடந்தவற்றில் பாதி நான் கண்டது, மீதி பிறகு கேட்டது. லைசோல் நாற்றமும், யன்னலுக்கு வெளியே ஓயாத மழையும், நாக்கு மரக்கட்டையாய்க் கிடந்ததும் நான் அறிந்தவை. இன்னும் இரண்டொரு நாள் தாண்டினால்தான் எதுவும் சொல்லலாம் என்று டொக்டர் சொன்னது பிறகு அறிந்தது.

பிள்ளை சாகக் கிடந்தால் தாய்க்குச் சமயம் ஒன்று போதாது. அம்மா வெள்ளவத்தை முருகனுக்குப் பாற்செம்பு நேர்ந்தார். கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி நேர்ந்தார். வார்டில் இருந்த சிங்கள மிஸ்ஸி, வயதான தாதி, பன்சலை என்ற பௌத்த விகாரையிலிருந்து பிக்குகள் பிரித் ஓதிய நூல் கொண்டுவந்து, கட்டட்டுமா என்று சைகையால் கேட்டார். அம்மா என் கையைத் தூக்கிக் கொடுத்தார். அப்பாவின் அலுவலகத்துப் பியோன் பள்ளிவாசலில் ஓதிய தாயத்து ஒன்றைக் கொண்டுவந்து, "சேர், விருப்பமெண்டா மட்டும்," என்று நீட்டினார். அப்பா, என் அப்பா, வாங்கி என் தலையணைக்குக் கீழே வைத்தார். ஆக, நான் எல்லாத் திசையிலும் காவல் போட்டுக் கிடந்தேன்.

அன்ரி ஒவ்வொரு நாளும் பின்னேரம் வருவார். அன்றும் வந்தார். அம்மா முகம் கழுவிக்கொண்டு வருவதாகச் சொல்லி வெளியே போனார். எனக்குத் தண்ணீர் பருக்குவதற்கென்று வெள்ளை எனாமலில் ஒரு கோப்பை இருந்தது. நீல விளிம்பு, குருவி மூக்குப்போல ஒரு மூக்கு. அன்ரி அதை எடுத்தார். எனக்குத் தண்ணீர் தரப்போகிறார் என்று வாயைத் திறந்தேன். தண்ணீர் வாயில் விழவில்லை. நெற்றியில் விழுந்து, காதுக்குள் ஓடி, கழுத்தடியில் தலையணையை நனைத்தது. குளிர்ந்தது. அன்ரியின் உதடு அசைந்தது. பிதா, சுதன் என்று கேட்டது, பிறகு ஏதோ ஒரு பெயர் கேட்டது. அவருடைய கையில் எப்போதும் இருக்கும் பவுடர் வாசத்தோடு நான் தூங்கிப்போனேன்.

ஆபத்து வேளையில் குருவானவர் இல்லாவிட்டால் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது அவர் பிள்ளைகளுக்குப் படிப்பித்த பாடம். இந்தப் பிள்ளை இப்படியே போனால் மோட்சத்துக்கு வெளியே நிற்குமே என்று அவர் நெஞ்சு அடித்துக்கொண்டது. கேட்டால் மாட்டேன் என்பார்கள் என்று பயம். அதனால் கேட்கவில்லை. சாகிற பிள்ளைக்குச் செய்யும் கடைசி உபகாரம் என்று எண்ணித்தான் ஊற்றினார்.

அவர் எதிர்பாராத ஒன்று நடந்தது. நான் சாகவில்லை.

காய்ச்சல் இறங்கியது. தலைமயிரை மழித்து, கஞ்சியில் மெலிந்து, வாழைத்தண்டுபோல வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். தெருவே பார்க்க வந்தது. மீன்காரர்கூட எனக்கென்று சின்ன மீன் ஒன்றை வாழையிலையில் சுற்றிக் கொடுத்தார். எனக்கோ கஞ்சியைத் தவிர எதுவும் தரக்கூடாது என்று கட்டளை. கீழ்வீட்டில் மீன் பொரியும் வாசத்தை மேலே கிடந்து மோந்து மோந்து அழுதது மறக்கவில்லை.

அன்ரி மாறிப்போயிருந்தார். முன்பென்றால் படியேறும்போதே சிரிப்புச் சத்தம் முன்னால் வரும். இப்போது மெல்ல வந்து கட்டிலின் காலடியில் நிற்பார், என்னைப் பார்ப்பார், அம்மாவைப் பார்க்கமாட்டார். அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்தவர் மாதிரித் திரும்பிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை ஞானோபதேசமும் நின்றுவிட்டது. தலையிடி என்று பிள்ளைகளை அனுப்பினார்.

காரணத்தை எனக்குச் சொன்னவள் அவருடைய மகள். இராச் செபத்தில் தன் அம்மா, ஆஸ்பத்திரியில் எனக்கு இட்ட புதுப் பெயரைச் சேர்த்துச் சொல்வதைக் கேட்டு, அது யார் என்று நச்சரித்து, விஷயத்தைக் கறந்துவிட்டாள். யாருக்கும் சொல்லக்கூடாது என்று சத்தியமும் செய்திருந்தாள். ஆகவே மறுநாளே பைப்படியில் என்னிடம் சொன்னாள். சந்தோஷத்தில் அவளுக்கு மூச்சு முட்டியது.

"நீ இப்ப எங்க ஆள், தெரியுமா? அம்மா உனக்கு ஆஸ்பத்திரியில ஞானஸ்நானம் குடுத்திட்டா. இனி நாம ரெண்டு பேரும் மோட்சத்தில ஒண்டா இருப்பம்."

எனக்கும் முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவளோடு இருப்பதென்றால் எந்த இடமும் எனக்குச் சரி. பிறகு கேட்டேன், "அம்மாவும் வருவாவோ?"

அவள் நேர்மையான பிள்ளை. பொய் சொல்லாமல் கொஞ்சம் யோசித்தாள். பாயில் இருந்து படித்த கேள்வி பதில்களை மனதுக்குள் புரட்டியிருக்க வேண்டும்.

"உங்க அம்மா வர ஏலாது தானே," என்றாள். "அவங்களுக்கு ஞானஸ்நானம் இல்லயே. நீ இனி உங்க கோயிலுக்குப் போனாலும் பாவம்."

நான் வாளியை விட்டுவிட்டு மேலே ஓடினேன்.

நீங்கள் சிரிக்கலாம். எட்டு வயதில் நான் சிரிக்கவில்லை. அப்போதுதான் சாவின் வாசல் மட்டும் போய்த் திரும்பியிருந்தேன், அது தூரத்தில் உள்ள இடம் அல்ல என்று எனக்குத் தெரியும். அங்கே போனால் அம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் என்று ஒருவர் ஏற்கெனவே தண்ணீர் ஊற்றி எழுதிவிட்டார். இராத்திரி அம்மாவின் சேலைத் தலைப்பை என் கையில் சுற்றிக்கொண்டு படுத்தேன். அம்மா அதை நோயின் பயம் என்று நினைத்துத் தலையைத் தடவினார்.

இதற்குள் நேர்த்திக்கடன் வேறு கழுத்தை நெரித்தது. ஒரு வெள்ளிக்கிழமை பாற்செம்போடு வெள்ளவத்தைக்குப் போவோம் என்றார் அம்மா. எனக்கு வயிற்றுவலி வந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை தலைச்சுற்று வந்தது. அம்மா பயந்தார், அப்பா எரிச்சல்பட்டார்.

"நேர்த்தியை இழுக்கக் கூடாது. சாமியோட விளையாடுறதே?" என்றார் அப்பா. கூடவே, தம்பி சொன்னது சரிதான், வெள்ளவத்தைக்கே குடிபோய்விடலாம் என்றும் சொன்னார். சித்தப்பா நெடுநாளாய் அதைத்தான் ஓதிக்கொண்டிருந்தார், வேதக்காரர் நடுவில் ஏன் குடியிருக்கிறாய் என்று. இந்தத் தண்ணீர்க் கதை மட்டும் அப்பாவின் காதில் விழுந்தால் மறுநாளே லொறி வந்து நிற்கும். எனக்கே அது விளங்கியது. சொன்னால் வீடு போகும், சொல்லாவிட்டால் அம்மா போவார். எதைச் சொல்வது?

அன்ரியும் அதே முடிச்சில்தான் அகப்பட்டிருந்தார் என்பது எனக்குத் தெரியாது. நான் வளர்ந்த பிறகு அவரே சொன்னார். தேவாலயத்துக் குருவானவரான பங்குச் சுவாமியிடம் போய் அழுதாராம். சுவாமி பாராட்டுவார் என்று உள்ளூரக் கொஞ்சம் ஆசையும் இருந்ததாம். சுவாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டாராம்.

"பிள்ளை பிழைச்சிட்டுது. இனி?"

"அதுதான் சுவாமி, தெரியல்ல."

"தண்ணி ஊத்த ஒரு நிமிஷம் போதும், மகள். சீடராக்கிறதுக்கு ஒரு ஆயுள் வேணும். நீர் அந்த ஒரு நிமிஷத்தைத் தாயிட்டைக் களவெடுத்திட்டீர். ஆண்டவர் போய்ச் சொல்லுங்கோ எண்டுதான் சொன்னவர், ஒளிச்சுச் செய்யச் சொல்லேல்லை. போம், போய்த் தாயிட்டைச் சொல்லும்."

சொன்னால் தங்கச்சி வீட்டைக் காலிபண்ணிப் போய்விடுவாளே என்று அன்ரி அழுதாராம். போனாலும் சொல்லத்தான் வேண்டும் என்றாராம் சுவாமி. நம்பிக்கையைப் பற்றித் தெருவுக்கே பாடம் எடுத்த மனுஷிக்குத் தன் வீட்டுப் படியில் ஏறத் துணிவு வரவில்லை. பாதிப்படி மட்டும் வந்து திரும்பிய நாட்கள் பல என்றார்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை தப்ப வழியில்லை. விடியவே அம்மா என்னைத் தலைக்குத் தோயவார்த்து, பச்சைப் பட்டுச் சட்டை போட்டுவிட்டார். மொட்டைத் தலையில் சந்தனம் பூசினார். பால் நிறைந்த வெள்ளிச் செம்பு மேசையில் மினுங்கியது. அப்பா டாக்சி பிடிக்கச் சந்திக்குப் போயிருந்தார். அன்ரி தன் வளவு மல்லிகையைச் சரமாகக் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். பூக் கொடுக்க வந்தாரா, சொல்ல வந்தாரா, இரண்டுமா, யார் கண்டது.

அம்மா திருநீற்றை எடுத்தார். மூன்று விரல் என் நெற்றிக்கு வந்தது. தண்ணீர் விழுந்த அதே இடம். என்னால் முடியவில்லை.

"பூசாதேங்கோ அம்மா," என்று கத்தினேன். "அன்ரி தண்ணி ஊத்திட்டா. நான் இனி அவையின்ர ஆள். செத்தா நான் உங்களிட்டை வர ஏலாதாம்."

அன்ரியின் கையிலிருந்த பூச்சரம் கீழே விழுந்தது. அம்மாவின் விரல் காற்றில் நின்றது. கப்பல் ஒன்று சங்கு ஊதி, யன்னல் அதிர்ந்து அடங்கியது. அன்ரி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"தங்கச்சி," என்றார். "நான் சொல்லத்தான் வந்தேன். எத்தினையோ நாளா சொல்லத்தான் வாரேன்."

"தெரியும் அக்கா," என்றார் அம்மா.

"என்ன தெரியும்?"

"எல்லாம் தெரியும். நான் முகம் கழுவிப்போட்டு வந்து கதவடியில நிண்டனான். நீங்கள் கோப்பையைத் தூக்கினதைப் பாத்தனான். நான் உள்ளுக்கு வந்தா நிப்பாட்டிப்போடுவியள் எண்டு வெளியிலேயே நிண்டனான்."

அன்ரி நிலையோரமாகவே சரிந்து தரையில் இருந்துவிட்டார். அம்மா திரும்பி அவரைப் பார்த்தார். அம்மாவின் குரல் அப்போதுதான் கொஞ்சம் உடைந்தது.

"அண்டைக்கு ஆர் என்ன ஊத்தியிருந்தாலும் நான் விட்டிருப்பன். என்ர பிள்ளை பிழைச்சாப் போதும் எண்டு கிடந்தனான். ஆனா ஒண்டு அக்கா. அந்தச் சிங்கள மிஸ்ஸி கேட்டுத்தான் நூல் கட்டினவ. பள்ளிவாசல் மனுசனும் கேட்டுத்தான் தந்தவர். ஒரு அம்மியில அரைக்கிற நீங்கள் என்னைக் கேக்கேல்லை. கேட்டிருந்தா பிள்ளையின்ர தலையை நானே பிடிச்சுத் தந்திருப்பன்."

அன்ரி முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பழி வெளியே வந்ததில் அழுகை பாதி, வீடு காலியாகாது என்ற ஆறுதலில் பாதி. "பிழைதான் தங்கச்சி, பிழைதான்," என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"பிறகு ஏன் நீங்க ஒண்டும் பேசல்ல?" என்று கேட்டார் கடைசியில்.

"நீங்களா வந்து சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்."

பெரியவர்கள் இருவரும் தங்கள் கணக்கை முடித்துக்கொண்டார்கள், என் கணக்கை யார் முடிப்பது? நான் அழுதுகொண்டே அன்ரியிடம் கேட்டேன், செத்தால் அம்மா வேறு இடமா என்று.

அன்ரியிடம் எந்தக் கேள்விக்கும் பதில் இருக்கும். பாயில் இருந்த பிள்ளைகள் எவ்வளவு குறுக்கே கேட்டாலும் பட்டென்று சொல்லிவிடுவார். அன்று என்னை இழுத்து மடியில் இருத்தி, சேலையால் என் மூக்கைத் துடைத்துவிட்டார்.

"எனக்குத் தெரியாது புள்ள," என்றார். "ஆனா தாயிட்ட இருந்து புள்ளயப் பிரிக்கிற ஆண்டவர எனக்குத் தெரியாது. நான் கும்பிடுறவர் அப்பிடிச் செய்யமாட்டார்."

அது போதுமாயிருந்தது. நெஞ்சில் ஏறியிருந்த அம்மிக்கல் அந்த இடத்திலேயே இறங்கிவிட்டது. எனக்குப் பசித்தது. நானே அம்மாவிடம் நெற்றியைக் காட்டினேன். அம்மா அன்ரியின் மடியில் வைத்தே எனக்குத் திருநீறு பூசினார்.

கீழே டாக்சி கோர்ன் அடித்தது. "நீங்களும் வாங்கோ அக்கா," என்றார் அம்மா.

"நான் எப்பிடி உள்ள வாரது தங்கச்சி?"

"உள்ளுக்கு வர வேண்டாம். வாசல்ல செருப்புப் பாக்க ஒரு ஆள் வேணும்."

அப்பா முன் சீட்டில் இருந்து திரும்பித் திரும்பிப் பார்த்தார். இரண்டு பெண்களின் கண்ணும் சிவந்திருக்க, மகள் வயிற்றுவலியில்லாமல் பாட்டுப் பாடிக்கொண்டு வர, அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மா பிறகாவது அவருக்குச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வெள்ளவத்தைக்குக் குடிபோகும் பேச்சை மட்டும் அவர் அதன் பிறகு எடுக்கவில்லை.

கோயிலில் பால் ஊற்றிவிட்டு வெளியே வந்தபோது அன்ரி குடை பிடித்தபடி மதிலோரம் நின்றார். கைப்பைக்குள் செபமாலை, அதற்குள் விட்ட கை மெல்ல அசைந்துகொண்டிருந்தது. நாங்கள் விட்டுப்போன செருப்பு மூன்று சோடி. இப்போது அவர் காலடியில் ஒரு குவியலே கிடந்தது. நம்பிக்கையான மனுஷி ஒருத்தி காவலுக்கு நிற்கிறாள் என்று கண்டு யார் யாரோ கழற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். எல்லாரும் திரும்பி வரும்வரை நாங்களும் அவரோடு நிற்கவேண்டியதாயிற்று.

கோயில் வாசல் கடையில் அம்மா தனியாக ஒரு வாழைப்பழம் வாங்கி அவரிடம் நீட்டினார்.

"இது படைக்காத பழம். நான் கேட்டுத்தான் தாறன். சாப்பிடுறியளோ?"

அன்ரி சிரித்தார். பல நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு.

ஞாயிற்றுக்கிழமைப் பாய் மறுபடியும் விரிந்தது. ஆனால் வாசலில் அன்ரியின் முறை மாறியது. மீன்காரரிடம் படகுக் கதை சொல்வதை விட்டுவிட்டு, வீட்டில் பிள்ளைகள் சுகமா என்று கேட்கத் தொடங்கினார். மனைவி பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு எழும்பாமல் கிடக்கிறாள் என்று தெரிந்ததும் மட்டக்குளியில் அவர்கள் வீட்டுக்கு பஸ் ஏறிப் போனார். சூப்பு வைத்தார், பிள்ளையைக் குளிப்பாட்டினார், செபம் சொல்லட்டுமா என்று கேட்டார். சொல்லுங்கள் என்றார்கள், சொன்னார். அவர்கள் பன்சலைக்குத்தான் போனார்கள், கடைசிவரை. ஆனால் அன்ரிக்கு ஒரு துன்பம் என்றால் மீன்கூடையோடு ஓடி வந்ததும் அவர்கள்தான். தங்களுக்காகச் செபிக்கச் சொல்லி அவரிடம் வருபவர்கள் பெருகினார்கள், அந்த விறாந்தை ஒருநாளும் வெறுமையாக இருந்ததில்லை.

என்னிடம் அவர் சமயம் பேசவே இல்லை. நான் கேட்டால் மட்டும் சொல்வார். பள்ளிக்கூடச் சோதனை என்றால் எனக்காக முழங்காலில் நிற்பார், நான் பிள்ளை பெற்றபோது அம்மாவுக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்கு வந்தார். "ஊரெல்லாம் வலை போட்டு எனக்கு அகப்பட்டது அரை ஆள்தான்," என்று என் கன்னத்தைக் கிள்ளுவார். அந்த அரை ஆள் பட்டம் எனக்குப் பிடித்திருந்தது.

காலம் போயிற்று. கெட்ட வருஷங்களும் வந்து போயின, அவற்றை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்த வீடு இப்போது இல்லை, அம்மியும் இல்லை, எனாமல் கோப்பை எங்கே போனதென்று தெரியவில்லை. அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். அன்ரியின் மகள் கனடாவில். அன்ரிக்கு வயது தொண்ணூறை நெருங்கும்போது நியூமோனியா வந்தது. தாங்கமாட்டார் என்றார்கள். மகள் விமானத்தில் வந்துகொண்டிருந்தாள். கல்கிசையில் என் வீட்டிலிருந்து நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வெளியே பெருமழை, காலி நகருக்குப் போகும் வீதி முழுவதும் வெள்ளம், கடைசிச் செபம் சொல்லவேண்டிய பங்குச் சுவாமி வர முடியாமல் எங்கேயோ அகப்பட்டுக்கொண்டார்.

அன்ரி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். மூச்சு இழுத்தது. அவருக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். தரைப்பலகையினூடாக ஏறிவந்த மந்திரம் எல்லாம் எனக்குள்ளே அப்படியே இருந்தது. ஆனாலும் குனிந்து கேட்டேன்.

"அன்ரி, நான் செபம் சொல்லட்டோ?"

அவர் தலையை அசைக்கும்வரை காத்திருந்தேன். பிறகு பரலோக மந்திரத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை சொன்னேன், ஒரு சொல்லும் தவறவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். ஓம் என்று கண்ணை மூடித் திறந்தார். பிளாஸ்டிக் கோப்பையால் துளித்துளியாகப் பருக்கினேன். கையைப் பிடித்தபடி தூங்கிப்போனார்.

மறுநாள் காலை சுவாமி நனைந்த அங்கியோடு அவசரமாக வந்தபோது அன்ரி தலையணையில் சாய்ந்து பால் கலக்காத பிளேன் ரீ குடித்துக்கொண்டிருந்தார். அவரும் என்னைப்போலத்தான், எதிர்பார்த்தபடி சாகவில்லை. சுவாமி இளம் பிள்ளை, எங்கள் தெருவையே பார்த்திராதவர். என் நெற்றித் திருநீற்றையும், கட்டிலருகே மேசையில் கிடந்த செபமாலையையும் மாறிமாறிப் பார்த்தார்.

"அம்மா, இவங்க யாரு? நம்ம சபையா?" என்று அன்ரியிடம் மெல்லக் கேட்டார்.

அன்ரி கோப்பையைக் கீழே வைத்தார்.

"அவகிட்டயே கேளுங்க சுவாமி," என்றார். "நான்தான் ஒருக்கா கேக்காம விட்டிட்டேன்."

சுவாமி என் பக்கம் திரும்பிக் கேட்டார். எட்டு வயதில் பைப்படியில் என்னைக் கலங்கடித்த அந்தச் சொல் இப்போது தானாக வாயில் வந்தது.

"நான் இவவின்ர ஆள், சுவாமி," என்றேன்.